ஒன் வேயிலும் இரண்டு பக்கம் பாருங்கள்: சென்னைக்குப் புதிதாக வண்டியோடு வருபவர்களுக்கு

நான் சென்னைக்கு வந்த மூன்றாவது நாள். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை. காலையில் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். வாசலில் இருந்த தெரு ஒன் வே. வண்டிகள் எல்லாம் வலப்பக்கத்திலிருந்துதான் வரும் என்று இரண்டு நாளில் தெரிந்துகொண்டிருந்தேன். வலப்பக்கம் பார்த்தேன், தெரு காலி. காலை எடுத்து வைத்தேன். இடப்பக்கத்திலிருந்து, கால் வைக்கும் இடத்தில் இரண்டு தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு ஒரு மொபெட் வந்தது. கீழே விழுந்தது நான். திட்டு வாங்கியதும் நான்தான். "பாத்து வர மாட்டியாப்பா?"

எங்கள் ஊரில் ஒன் வே என்பது தேர்த் திருவிழா அன்று மட்டும் வந்துபோகும் விஷயம். இங்கே அது தினசரி வாழ்க்கை, அதை மீறுவதும் அப்படியே. முழங்கால் வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் கற்க ஆரம்பித்ததை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்கு வந்து, ஊரிலிருந்து பைக்கை ரயிலில் ஏற்றி வரவழைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்க்காரர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் இடையிடையே கொஞ்சம் இருக்கிறது. மொத்தக் கட்டுரையும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: உங்கள் கைக்கு அது ஒருவழிப் பாதை, உங்கள் கண்ணுக்கு எல்லாத் தெருவும் இருவழிதான்.

1. முதலில் பலகைகள்

லைசென்ஸ் வாங்கும்போது படித்திருப்பீர்கள், மறந்தும் இருப்பீர்கள். வடிவமே பாதியைச் சொல்லிவிடும். வட்டம் என்றால் கட்டளை, மீறினால் அபராதம். சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணம் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் வெறும் தகவல். சிவப்பு வட்டத்துக்குள் குறுக்கே வெள்ளைப் பட்டை இருந்தால் நோ என்ட்ரி. அம்புக்குறி மேல் சிவப்புக் கோடு கிழித்திருந்தால் அந்தத் திருப்பம் கூடாது. நீல வட்டத்தில் வெள்ளை அம்பு இருந்தால் அந்தத் திசையில் மட்டும்தான் போகலாம்.

பெரிய பலகைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு தொங்கும். பலர் அதைப் படிப்பதில்லை. சில தெருக்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை இருக்கும். சில இடங்களில் லாரி படம் போட்டிருக்கும், அங்கே உங்கள் பைக்குக்குத் தடை இல்லை. நேரம் போட்டிருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்.

பலகையே தெரியாத இடங்களும் உண்டு. வேப்பங்கிளை மறைத்திருக்கும், இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். அப்போது தெருவைப் படிக்க வேண்டியதுதான். இரண்டு ஓரங்களிலும் நிற்கிற கார்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்திருந்தால் அது பெரும்பாலும் ஒன் வே. தரையில் அம்புக்குறி வரைந்திருக்கிறதா என்று பாருங்கள், தேய்ந்திருந்தாலும் மிச்சம் இருக்கும். தெரு முனையில் மற்ற எல்லாத் திசைக்கும் சிக்னல் விளக்கு இருந்து, நீங்கள் வருகிற பக்கத்துக்கு மட்டும் விளக்கின் முதுகு தெரிந்தால், நீங்கள் வரக்கூடாத பக்கத்திலிருந்து வருகிறீர்கள்.

முன்னால் போகிறவரை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நாலு பேர் போறாங்களே" என்று பின்னால் போய் மாட்டியவன் நான். அந்த நாலு பேருக்கும் முனையில் போலீஸ் நிற்கும் நேரம் தெரியும், சந்துக்குள் நழுவிவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

2. மேப்பை நம்புங்கள், ஆனால் கடைசி நூறு மீட்டருக்கு நம்பாதீர்கள்

செல்போன் மேப்பில் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். காருக்கான வழியைப் போட்டுக்கொண்டு பைக்கில் போனால் தேவையில்லாமல் சுற்றுவீர்கள், சில நேரம் பைக் போகக்கூடாத பாலத்திலும் ஏறிவிடுவீர்கள்.

சென்னையில் மேப் தடுமாற ஒரு முக்கியக் காரணம் மெட்ரோ. இரண்டாம் கட்டத் திட்டம் மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர் என்று திட்டமிடப்பட்டது. மயிலாப்பூர், கோடம்பாக்கம், வடபழனி, அடையாறு, ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை என்று நகரத்தின் நெரிசலான சாலைகளின் நடுவிலேயே தோண்டினார்கள். நேற்று இருவழியாக இருந்த சாலை இன்று காலை தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒருவழியாகியிருக்கும். இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. முதல் கட்ட வேலைக்காக அண்ணா சாலையின் ஒரு பகுதியையே ஒருவழியாக்கினார்கள். அது மறுபடி இருவழியானது 2019இல்தான். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் ஆண்டுக்கணக்கு அர்த்தம் உண்டு.

அதனால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினால் அதுதான் முதல். அடுத்து பேரிகேடும் பலகையும். கடைசியில்தான் மேப். "மேப் காட்டுச்சு சார்" என்று சொல்லி அபராதத்திலிருந்து தப்பியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வேலைக்குச் சேரும் முன் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகம் வரை ஒருமுறை போய் வாருங்கள். போகும் வழியும் திரும்பும் வழியும் வேறு வேறாக இருக்கும் என்பதே பலருக்கு முதல் நாள்தான் தெரிகிறது. காலையில் நேராகப் போன தெருவில் மாலையில் நுழைய முடியாது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பின்னால் ஹார்ன் அலறும்போது இதைக் கண்டுபிடிப்பதைவிட ஞாயிறு காலையில் கண்டுபிடிப்பது நல்லது. திரும்பும்போது நல்ல டிபனும் கிடைக்கும்.

3. திருப்பத்தை விட்டுவிட்டால்: இடது, இடது, இடது

ராங் ரூட்டில் போகிறவர்களில் பாதிப்பேர் திட்டமிட்டுப் போவதில்லை. திருப்பத்தைத் தவறவிட்டிருப்பார்கள். ஐம்பது மீட்டர்தானே, ஓரமாகத் திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணம் அந்த நொடியில்தான் வரும்.

அதற்கு ஒரு பழக்கம் செய்துகொள்ளுங்கள். வலது திருப்பம் கிடைக்கவில்லையா, நேராகப் போங்கள். அடுத்த இடது, அதற்கடுத்த இடது, இன்னொரு இடது. மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது திருப்பத்தில் எதிர் வரும் வண்டிகளைக் கடக்க வேண்டியதில்லை. தி.நகர், அண்ணா நகர் மாதிரி கட்டம் போட்ட பகுதிகளில் இது அருமையாக வேலை செய்யும்.

அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் பக்கம் வேலை செய்யாது. அங்கே பாலம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் கடக்க முடியும். மூன்று இடது போட்டால் முட்டுச்சந்தில் போய், யாரோ ஒருவர் வீட்டு மாவு அரைக்கும் கல்லுக்கு முன்னால் நிற்பீர்கள். நீர்நிலை பக்கத்தில் இருந்தால் நேராகப் போய் முறையான யூ டர்ன் எடுப்பதுதான் வழி. தண்டவாளத்தை ஒட்டிய தெருக்களிலும் இதே கதைதான், சுரங்கப்பாதையோ மேம்பாலமோ வரும் வரை போக வேண்டும்.

கத்திப்பாராவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பூ இதழ் மாதிரி வளைந்து வளைந்து போகும் பாலம் அது. புதியவர் எவரும் முதல் தடவை சரியான இதழில் இறங்கியதாக எனக்குத் தெரியாது. தவறான பக்கம் இறங்கிவிட்டால் அப்படியே போய்விடுங்கள். பாலத்தின் மேல் நிறுத்தி யோசிப்பதும், ஏறிய வளைவில் திரும்பி இறங்குவதும் உயிருக்கு உலை வைக்கும் வேலை.

இன்னொன்று. ஒன் வேயில் வண்டியைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டே போனால் தப்பில்லை என்று கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் நினைக்கிறார்கள். முகம் சரியான பக்கம் பார்த்தாலும் போவது எதிர்த்திசைதான். ஒன் வேக்குள் ரிவர்ஸில் நுழையக்கூடாது என்று சாலை விதிமுறைகளே சொல்கின்றன.

பைக்காக இருந்து, போக வேண்டிய கடை இருபது மீட்டரில் இருந்தால் நான் இன்ஜினை அணைத்து, இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவேன். சீட்டில் உட்கார்ந்தபடி காலால் உந்திக்கொண்டு போவது தள்ளுவதில் சேராது.

4. எதிரே ஒருவர் வருகிறார்: என்ன செய்வது

நீங்கள் ஒழுங்காகப் போகிறீர்கள், அவர் ஒழுங்காக வரவில்லை. தினமும் நடக்கப்போவது இதுதான் என்பதால் இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 9,000க்கும் மேற்பட்டோரின் சாவுக்குக் காரணமாகப் பதிவானது தவறான பக்கத்தில் ஓட்டியது. அதிவேகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சிறிய பங்குதான். ஆனால் நேருக்கு நேர் மோதலில் இரண்டு வேகமும் கூடிவிடும். நீங்களும் 40, அவரும் 40 என்றால் இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் நொடிக்கு 22 மீட்டர் குறைகிறது. ஐம்பது மீட்டர் தூரத்தில் பார்த்தீர்கள் என்றால் யோசிக்க இரண்டே கால் நொடி. ஒன் வேயில் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. சென்னையில் 2023 நவம்பர் முதல் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. நெருக்கமான ஒன் வேயில் அந்த முப்பதே அதிகம்.

எங்கே எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பாதி ஆபத்து போய்விடும். சென்டர் மீடியனில் இடைவெளி தூரத்தில் இருக்கும் சாலைகள் எல்லாமே இப்படித்தான். ஓஎம்ஆரில் யூ டர்ன் எடுக்க நெடுந்தூரம் போக வேண்டும் என்பதால் அலுவலகத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் ஓரமாகவே எதிர்த்திசையில் வந்துவிடுவார்கள். அந்தத் தலைவலிக்காகத்தான் இந்திரா நகர், டைடல் பார்க் சந்திப்புகளில் யூ வடிவ மேம்பாலங்களே கட்டினார்கள். பெட்ரோல் பங்க் வாசல், மருத்துவமனை வாசல், பள்ளி விடும் நேரத்தில் பள்ளி வாசல், மேம்பாலம் இறங்கும் இடத்தில் பக்கவாட்டில் சேரும் சர்வீஸ் ரோடு, டீக்கடை. இவற்றை நெருங்கும்போது விரலை பிரேக் மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்துக்கு மேல் எந்த இடமும் விதிவிலக்கில்லை.

அப்படி வருகிறவர் பெரும்பாலும் பிளாட்பாரத்தை ஒட்டித்தான் வருவார். நமக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் "இடது ஓரமாவே போ" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இங்கே அந்த இடது ஓரத்தில்தான் அவரைச் சந்திப்பீர்கள். அதனால் பிளாட்பாரத்திலிருந்து ஒரு வண்டி தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டே ஓட்டுங்கள். நின்றிருக்கும் காரின் கதவு திடீரென்று திறந்தாலும் அந்த இடைவெளி காப்பாற்றும்.

வந்தே விட்டார். முதலில் வேகத்தைக் குறையுங்கள். வலப்பக்கம் சட்டென்று ஒடிக்காதீர்கள். உங்கள் பின்னால் மாநகரப் பேருந்து வந்துகொண்டிருக்கலாம், அதற்கு உங்களைத் தெரியும், உங்கள் திடீர்த் திருப்பம் தெரியாது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு உங்கள் கோட்டிலேயே நேராக இருங்கள். ஹார்னை ஒரு முறை சின்னதாக அடியுங்கள். நீங்கள் அசையாமல் நேராக வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவரால் முடிவு செய்ய முடியும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஒதுங்குவதுதான் மோதலில் முடிகிறது. வராந்தாவில் எதிரெதிரே வரும் இருவர் மாறி மாறி ஒரே பக்கம் விலகுவார்களே, அதே கூத்துதான், இங்கே சிரிக்க முடியாது. இடமே இல்லை என்றால் நின்றுவிடுங்கள். நிற்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

ஒரு சின்னத் தந்திரம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வாகனங்களில் பகலிலும் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒன் வேயில் போகும்போது வெகுதூரத்தில் ஒரு விளக்கு உங்கள் பக்கம் பார்த்து எரிந்தால் அது எதிரே வரும் வண்டி. மற்ற எல்லாவற்றின் பின்பக்கச் சிவப்பு விளக்கைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். இரவில் ஒற்றை விளக்கு என்றால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பக்கம் பியூஸ் போன லோடு வேனாகவும் இருக்கும்.

மேம்பாலத்தின் மேல் எதிரே வருகிறவர்களும் உண்டு, அபூர்வமாக. பாலத்தின் மேட்டைத் தாண்டும் வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஏறும்போதே முந்திச் செல்வதை நிறுத்திவிடுங்கள்.

நடந்து போகிறவர்களுக்கு: இரண்டு பக்கமும் பாருங்கள், என் முழங்கால் சாட்சி. பேருந்தில் போகிறவர்களுக்கு: படியில் இறங்கும் முன் இடப்பக்கம் தலையை நீட்டிப் பாருங்கள். பேருந்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டடியில் பைக் வரும். சில நேரம் இரண்டு திசையிலிருந்தும் வரும்.

திட்டாதீர்கள், வழி மறிக்காதீர்கள், சாவியைப் பிடுங்காதீர்கள். சரியான பக்கத்தில் நிற்பவருக்குத்தான் இங்கே அடி விழும், அதுவும் கூட்டமாக. நான் ஒருமுறை வழியை மறித்து நின்று நியாயம் பேசினேன். பின்னால் வந்த ஐந்து பேரும் என்னைத்தான் நகரச் சொன்னார்கள்.

5. உங்களுக்கே சபலம் வரும்போது

வரும். மூன்றாவது மாதத்தில் வரும். போலீஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிட்டால் கை அரிக்கும். நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு எதிர்த்திசையில் வந்தால் 120 மீட்டர், முறையாகச் சுற்றி வந்தால் 900 மீட்டர். ஒரு சிக்னலையும் சேர்த்து மூன்றரை நிமிடம் கூடுதல். மாதத்துக்கு 25 நாள் என்றால் சுமார் இருபது கிலோமீட்டர், பெட்ரோலுக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. நீங்களும் உங்கள் சுற்றுவழியை அளந்து பாருங்கள். மனதுக்குள் இருக்கும் தூரம் மீட்டரில் இருக்கும் தூரத்தைவிட எப்போதும் அதிகம்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர் "டேய், ஓரமா உட்டுடு" என்பார். வண்டி உங்களுடையது, சலான் உங்கள் எண்ணுக்குத்தான் வரும்.

ஆட்டோவில் போகும்போது ஓட்டுநர் எதிர்த்திசையில் நுழையப் பார்த்தால் சத்தம் போட வேண்டாம். "அண்ணே, சுத்தியே போங்க, எனக்கு அவசரம் இல்ல" என்று நான் சொல்வேன். பத்துக்கு எட்டுப்பேர் கேட்டுக்கொள்கிறார்கள். பயணிக்கு அவசரம் என்று நினைத்துத்தான் அவர்களும் நுழைகிறார்கள்.

சாப்பாடு, மளிகை வரவழைக்கும்போதும் உங்கள் பங்கு ஒன்று உண்டு. ஒன் வேயின் நடுவில் வீடு இருந்தால், உள்ளே வரும் முனை எது என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முனை வரை நடந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள். நிமிடக் கணக்கில் ஓடும் பையனை எதிர்த்திசையில் வரவழைப்பது நம் பசிதான்.

6. மாட்டிக்கொண்டால்

எதிர்த்திசையில் ஓட்டுவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலுக்குள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், ஓட்டும்போது செல்போனைக் கையில் வைத்திருப்பதும் அதே பட்டியலில்தான். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் அதே குற்றம் என்றால் 10,000 ரூபாய், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் கூட்டப்பட்ட அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. நோ என்ட்ரி பலகையை மதிக்கவில்லை என்று மட்டும் பதிந்தால் தொகை குறைவு. எந்தப் பிரிவில் பதிகிறார்கள் என்று ரசீதில் பாருங்கள்.

நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தப்பித்து ஓடுகிறவர்கள்தான் எதிரே வருபவர் மேல் மோதுகிறார்கள். ஆவணங்கள் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும், காகிதம் கட்டாயமில்லை. ஜெராக்ஸ் மட்டும் வைத்திருப்பது போதாது. பணத்தை நோட்டாகக் கையில் கொடுக்காதீர்கள். கார்டிலோ யுபிஐயிலோ கட்டி, சலான் எண்ணோடு ரசீது வாங்குங்கள். வாதம் செய்ய வேண்டியிருந்தால் "சார், பலகை மரத்துக்குள்ள இருக்கு, பாருங்க" என்று ஒரு போட்டோவைக் காட்டுங்கள். எனக்கு ஒருமுறை அது பலித்தது, ஒருமுறை பலிக்கவில்லை.

யாரும் நிறுத்தாமலும் சலான் வரும். கேமராவில் பதிவானால் செல்போனுக்குச் செய்தி வரும். கேமரா மூலம் பதிவாகும் குற்றத்துக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது 2021இல் வந்த விதி. பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையும், சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் போட்டால் நிலுவை தெரியும். படத்தைத் திறந்து பாருங்கள். வேறு யாருடைய வண்டியோ உங்கள் எண்ணோடு வந்திருந்தால் கட்டாமல் புகார் கொடுக்கலாம். சும்மா விட்டுவிட்டால் அது மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும்.

இந்தச் செய்திகளின் பெயரில் மோசடியும் நடக்கிறது. வாட்ஸப்பில் "உங்கள் சலான்" என்று ஒரு ஏபிகே கோப்பு வந்தால் தொடாதீர்கள். அரசு அப்படிச் செயலி அனுப்பாது. இணைப்பை அழுத்தாமல் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், அது ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் நிறையப்பேர் இங்கே பழைய வண்டிதான் வாங்குகிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த எண்ணில் நிலுவைச் சலான் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். செல்போன் எண்ணையும் மாற்றுங்கள். நான் அதை விட்டுவிட்டேன். எனக்கு வர வேண்டிய இரண்டு சலான் செய்திகளும் வண்டியை விற்றவருக்குப் போயிருக்கின்றன. ஆறு மாதம் கழித்து அவர் கூப்பிட்டு, "தம்பி, நீ ரொம்ப நோ என்ட்ரியில போறியாமே" என்றார்.

7. இன்றைக்கு மட்டும் உள்ள தடைகள்

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் என்றால் பெல்ஸ் சாலை, விக்டோரியா விடுதி சாலை பக்கம் வழி மாறும். குடியரசு தின ஒத்திகைக்கும், டிசம்பர் 31 இரவும் காமராஜர் சாலையில் வண்டி விடமாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி.நகர், பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதிகள். முதல் நாளே நாளிதழிலும் போக்குவரத்துக் காவல்துறையின் சமூக வலைப்பக்கங்களிலும் போட்டுவிடுவார்கள்.

மழைக்காலத் தடை வேறு ரகம். துரைசாமி சுரங்கப்பாதை, ரங்கராஜபுரம், கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கினால் பேரிகேடு வைத்து மூடுவார்கள். அதை நகர்த்திவிட்டு இறங்குகிறவர்களைப் பார்ப்பீர்கள். முன்னால் போன கார் கடந்துவிட்டது என்பதற்காக உங்கள் சைலன்சரும் கடந்துவிடாது. பாதி வழியில் நின்றால் தள்ளக்கூட ஆள் வராது. இந்த ஒரு பேரிகேடை மட்டும் எந்த அவசரத்திலும் தொடாதீர்கள்.

8. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்

போக்குவரத்துக் காவல் உதவி எண் 103. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எதிர்த்திசையில் வண்டிகள் வருகின்றன என்றால் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். "எல்லாரும் ராங்ல வராங்க" என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "காலை எட்டேகால் முதல் ஒன்பது, பள்ளி வாசலுக்கும் பங்குக்கும் நடுவில்" என்றால் ஒருவரை நிறுத்துவார்கள். படம் எடுப்பதாக இருந்தால் பிளாட்பாரத்தில் நின்று எடுங்கள், ஓட்டிக்கொண்டே எடுத்தால் நீங்களும் அந்த 184இல்தான் வருவீர்கள். பலகையை மறைக்கும் கிளையை வெட்ட மாநகராட்சியின் 1913க்குப் போடுங்கள். எங்கள் தெருவில் பதினோரு நாளில் வெட்டினார்கள், நான் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

விபத்தைப் பார்த்தால் 108. அடிபட்டவருக்கு உதவப்போனால் போலீஸ் இழுத்தடிக்கும் என்று பயப்பட வேண்டாம். நல்ல மனதோடு உதவியவரைப் பாதுகாக்கச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு இருக்கிறது. நீங்களே விபத்தில் சிக்கினால் இரண்டு வண்டிகளும் விழுந்த இடத்தில் எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தன என்று நகர்த்தும் முன் படம் எடுத்துவிடுங்கள். பின்னால் இழப்பீட்டுக்குப் போகும்போது யார் பங்குக்கு எவ்வளவு தப்பு என்று பார்ப்பார்கள், எதிர்த்திசையில் வந்தவருக்கு இழப்பீடு குறையும்.

என்னை இடித்த தண்ணீர் கேன்காரரோடு அப்புறம் நன்றாகவே பழகிவிட்டேன். எங்கள் மேன்ஷனுக்கும் அவர்தான் கேன் போடுவார். "சுத்தித்தான் வாங்களேண்ணே, என்ன ஆகிடப் போகுது?" என்று ஒருநாள் கேட்டேன். கேனை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சுத்துவ தம்பி. நான் நாப்பது தடவ வரேன். சாயந்திரம் எட்டு கேன் குறைஞ்சிடும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேன்ஷனில் பேசி, கேன்களைப் பின்பக்கத் தெருவில் இருக்கும் கேட் வழியாக இறக்க ஏற்பாடு செய்தோம். அந்தத் தெரு இருவழி. எதிர் வரிசைக் கடைகளுக்கு இப்போதும் அவர் அதே பக்கத்திலிருந்துதான் வருகிறார். நான் அந்தப் பக்கம் போனால் முதலில் இடப்பக்கம் பார்க்கிறேன்.